கழுவி வந்த ஜீப்

ஒழுகுகிற வண்டியைச் சரிசெய்வது பெரிய வித்தை இல்லை; எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பதற்குள்தான் ஆயுசு தேய்ந்துவிடுகிறது. மழைக்காலத்தில் வீட்டுக்குள் வாளியை வைத்துவிட்டு, ஓட்டை எங்கே என்று தெரியாமல் அண்ணாந்து பார்த்தபடி நின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும். போத்தனூர் ரோட்டில் ஒர்க்‌ஷாப் தொடங்கிய தொண்ணூறுகளில், ஒரே ஒரு ஜீப் என்னை அப்படிப் பல நாள் நிறுத்தி வைத்தது.

மதுக்கரையைத் தாண்டி மலையடிவாரத்தில் தென்னந்தோப்பு வைத்திருந்தவருடைய ஜீப் அது. பள்ளத்தில் இறங்கிப் பாறையில் ஏறித்தான் தோப்புக்குப் போக வேண்டும். நாலு சக்கரமும் இழுக்காவிட்டால் நடந்து போக வேண்டியதுதான். அந்த ஜீப்பில் கிளட்சுக்குக் கேபிள் கிடையாது, எல்லாம் பிரேக் ஆயில். பெடலை மிதித்தால் மேலே இருக்கிற சிலிண்டர் ஆயிலைக் குழாயில் தள்ளும், கீழே கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிற இன்னொரு சிலிண்டர் அதை வாங்கிக் கிளட்சை விலக்கும். ஆயில் குறைந்தால் பெடல் தொளதொளவென்று உள்ளே போகும், கியர் விழாது. மலைப்பாதையில் அப்படி ஆனால் என்ன கதி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

குளித்துவிட்டு வந்த வண்டி

டிரைவர் பழனிச்சாமி ஐம்பதைத் தொட்ட மனிதர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். அவர் ஜீப்பை என் வாசலில் நிறுத்தியபோது ஏதோ பூஜைக்கு வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். பானட்டில் சந்தனப் பொட்டு, கண்ணாடியில் மல்லிகைச் சரம், டயர்கூடக் கறுப்பாக மின்னியது. கிளட்ச் ஆயில் ஊற்ற ஊற்றக் குறைகிறது என்றார்.

கோணியை விரித்துப் போட்டு அடியில் படுத்தேன். ஒழுகுகிற இடத்தில் ஆயிலோடு புழுதி சேர்ந்து கறுப்பாக அப்பியிருக்கும். அந்த அழுக்குதான் எங்களுக்கு வழிகாட்டி. இங்கே அடிப்பக்கம் முழுக்கக் கழுவித் துடைத்திருந்தது. முகத்தில் சொட்டியது ஆயில் இல்லை, கிணற்றுத் தண்ணீர். வெளியே வந்து, ரிப்பேருக்குக் கொண்டுவரும் வண்டியை எதற்கு அண்ணா கழுவுகிறீர்கள் என்று கேட்டேன். அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை.

"ஏனுங்க தம்பி, டாக்டருகிட்டப் போறப்ப ஆராச்சும் குளிக்காமப் போவாங்களாங்க?"

அமுக்கிட்டனுங்க

கீழ்ச் சிலிண்டரைத் திறந்தேன். உள்ளே ரப்பர்கள் தேய்ந்திருந்தன. குற்றவாளி அகப்பட்டான் என்று புது ரப்பர் போட்டேன். அடுத்து உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருவர் மேலே பெடலை அமுக்கிப் பிடிக்க, ஒருவர் கீழே நட்டைத் திறந்து காற்றை விட்டு உடனே மூட வேண்டும். மூடிய பிறகுதான் பெடலை விடலாம். இதற்கு இரண்டே வார்த்தை போதும்: அமுக்கு, விடு.

பழனிச்சாமிக்கு இரண்டு வார்த்தையில் பேசி வழக்கமில்லை. "அமுக்கட்டுங்களா தம்பி?" என்பார். அமுக்குங்க என்பேன். "அமுக்கிட்டனுங்க. இப்ப விடட்டுங்களா, இல்ல சித்தெ நேரம் புடிச்சுக்கட்டுங்களா?" என்று முடிப்பதற்குள் கால் தளர்ந்து பெடல் மேலே வந்துவிடும், வெளியே போன காற்று திரும்ப உள்ளே போய்விடும். மத்தியானச் சாப்பாடு சாயங்காலத்துக்குத் தள்ளிப்போனது. கை வலியில், இனி மரியாதையெல்லாம் வேண்டாம், "ம்" என்று மட்டும் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன்.

"அதெப்படீங்க, அடியில படுத்துக்கிட்டு எனக்காவ வேலை செய்யறவங்களைப் போயி 'ம்'முங்கறதுங்க?"

முதலாளி கோபப்படவில்லை

கொஞ்ச நாளில் ஜீப் திரும்பி வந்தது. இந்த முறை முதலாளியும் கூட வந்தார். வெள்ளை வேட்டி, மெதுவான பேச்சு. நாற்காலியைத் துடைத்துப் போட்டதும் உட்கார்ந்து, வண்டியில் கோளாறு இல்லை, ஓட்டுகிறவனிடம்தான் கோளாறு என்றார். பழனிச்சாமி எப்போதும் கிளட்சிலேயே கால் வைத்து ஓட்டுகிறாராம், அதனால்தான் ரப்பர் தாங்குவதில்லையாம். யாரோ சொல்லியிருக்கிறார்கள். சகலை வீட்டில் ஒரு டிரைவர் சும்மா இருக்கிறானாம்.

இவ்வளவும் பழனிச்சாமிக்குக் கேட்கும் தூரத்தில்தான் நடந்தது. அவர் தலையைக் குனிந்தபடி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தோப்புக்குள் முதலாளி கொடுத்த வீட்டில்தான் அவர் குடும்பம் இருந்தது. வேலை போனால் வீடும் போகும். கிளட்சில் கால் வைத்தால் தட்டு தேயுமே தவிர ஆயில் குறையாது என்று சொல்லிப் பார்த்தேன். அப்படியானால் எங்கே குறைகிறது என்று முதலாளி கேட்டார். நான் மறுபடி கோணியை எடுத்து விரித்தேன்.

"கோவமெல்லாம் ஒண்ணுமில்லீங்க தம்பி, இந்தவாட்டியும் சரியாகலீன்னா மாசக் கடைசியில ஊட்டைக் காலி பண்ணச் சொல்லிப்போடுவேன், அவ்வளவுதானுங்க."

சொன்னபடி கேட்டவர்

குழாயை மாற்றினேன். இரண்டு முனையிலும் வாஷரை மாற்றினேன். பானட்டைத் திறந்து மேல் சிலிண்டரைத் தடவினேன், காய்ந்திருந்தது. வண்டிக்குள் தலையை விட்டு டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்தேன். என் சாப்பாட்டுத் தட்டைவிடச் சுத்தமாக இருந்தது. பழனிச்சாமியிடம் கையெடுத்துக் கும்பிட்டு, ஆயில் மறுபடி குறைந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் அப்படியே கொண்டுவாருங்கள் என்றேன். இதெல்லாம் எங்கள் தொழிலில் எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை.

மாசக் கடைசி நெருங்கும்போது வந்தார். ஜீப் முழுக்கச் சேறு. பார்த்ததும் எனக்குப் பண்டிகை வந்த மாதிரி இருந்தது. ஆனால் அடியில் எங்கேயும் ஆயில் படிந்த அழுக்கு இல்லை, வெறும் சேறுதான். மேலே ஏறிப் பார்த்தால் உள்ளே தரை முதல் பெடல் வரை கழுவித் துடைத்து, முருகன் படத்துக்குப் புதுப்பூ வைத்திருந்தது. இது என்ன அண்ணா என்றேன்.

"வெளியில நீங்க சொன்னாப்பலயே உட்டுப்போட்டனுங்க, உள்ளார சாமி இருக்குதுங்களே."

ஒற்றைக்கால் சேற்றுப்புண்

எனக்குச் சலிப்புத் தாங்கவில்லை. டீ சொன்னேன். இருவரும் பழைய டயர்மேல் உட்கார்ந்தோம். அவர் இடது காலைத் தூக்கி மடிமேல் வைத்து, சட்டைப் பையிலிருந்து ஒரு களிம்பை எடுத்துத் தடவினார். பாதத்தின் மேல்பக்கம் தோல் உரிந்து சிவந்திருந்தது. சேற்றுப்புண் என்றார். தோப்பில் தண்ணீர் பாய்ச்சுவதால் வந்ததாம், எந்த மருந்துக்கும் கேட்கவில்லையாம். வலது காலைப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை. சேற்றில் ஒற்றைக்காலிலா நடக்கிறீர்கள் என்று விளையாட்டாகக் கேட்டேன். கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது.

சாமி இருக்கிற வண்டியில் அவர் செருப்போடு ஏறுவதில்லை. கிளட்ச் பெடல் இடது காலுக்கு. பிரேக் ஆயில் பட்டால் பெயின்டே உரிந்து வரும், தோல் எந்த மூலைக்கு? டீயை வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பெடலுக்கு அடியில் மல்லாந்தேன். பெடல் தண்டில் பெயின்ட் போய் வெறும் இரும்பு தெரிந்தது. மேல் சிலிண்டரின், வண்டிக்குள் நீட்டியிருக்கும் பின்பக்கத்தை மூடியிருக்கிற ரப்பர் உறையை விரலால் விலக்கியதும் தேங்கியிருந்த ஆயில் கொட்டியது. ஓட்டும்போது தண்டு வழியாக இறங்கிக் காலில் சொட்டியதை, வேர்வை என்று நினைத்து அவர் தினமும் துடைத்திருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"நானு மருந்து மருந்தா மாத்திப்போட்டனுங்க, நீங்க சாமான் சாமானா மாத்திப்போட்டீங்க."

சாவி

மேல் சிலிண்டரின் உட்சுவரில் கீறல் விழுந்திருந்தது. முழுசாகப் புதிது போட்டேன். காற்று எடுக்கும்போது இந்த முறை நான் சீட்டில் உட்கார்ந்து பெடலை அமுக்கிக்கொண்டு அவரைக் கீழே படுக்கச் சொன்னேன், சீக்கிரம் முடிந்தது. முதலாளிக்குப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் செய்து வரச் சொன்னேன். பழைய சிலிண்டரைக் காட்டினேன், பெயின்ட் உரிந்த பெடலைக் காட்டினேன், கடைசியாகப் பழனிச்சாமியின் காலைக் காட்டினேன். முதலாளி குனிந்து அந்தக் காலைத்தான் பார்த்தார். மேஜைமேல் இருந்த சாவியை எடுத்து, அவரே பழனிச்சாமியின் கையில் வைத்தார். வீட்டைப் பற்றி அப்புறம் பேச்சே எழவில்லை.

கிளம்பும்போது, கால் இப்படி எரிகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா என்று முதலாளி அவரிடம் கேட்டார். பழனிச்சாமி ஜீப்பில் ஏறுவதற்காகச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வழக்கமான அடங்கிய குரலில் பதில் சொன்னார்.

"வண்டிக்கு என்னன்னுதானுங்க எல்லாரும் கேட்டீங்க, எனக்கு என்னன்னு ஆரும் கேக்கலீங்களே."

அன்றிலிருந்து கிளட்ச் ஒழுகுகிறது என்று யார் வந்தாலும் வண்டியைக் கழற்றுவதற்கு முன் டிரைவரைச் செருப்பைக் கழற்றச் சொல்கிறேன், அதைப் பார்த்துச் சிலர் என்னைப் பக்திமான் என்றும் சிலர் கிறுக்கன் என்றும் நினைத்துக்கொள்வதைத் திருத்த எனக்குத் தெம்பில்லை.