செம்மண் பாதைக்கு ஒரு சைக்கிள்

லாசரஸுக்குப் பயப்படுவதற்கு எப்போதும் ஏதாவது ஒன்று கையிருப்பில் இருக்கும். எழுபதுகளின் தொடக்கத்தில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கடல் கடந்து இந்தத் தீவின் கப்பல் பட்டறைக்கு வெல்டராக வந்தவர். உள்ளூர்ப் பெண்ணைக் கல்யாணம் செய்து, மகளைப் பெற்று வளர்த்து எல்லைக்கு அப்பால் ஜொகூரில் கட்டிக்கொடுத்து, புக்கிட் பாஞ்சாங்கில் அடுக்குமாடி வீடும் வாங்கியாயிற்று. ஆனாலும் சட்டைப்பையில் இருக்கும் நிரந்தரவாசியின் நீல ஐசியை, அந்த அடையாள அட்டையை, யாராவது ஒருநாள் திருப்பிக் கேட்டுவிடுவார்கள் என்ற நினைப்பு மட்டும் போகவில்லை. பூட்டிய கதவை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். லிப்ட்டில் கூட்டம் என்றால் படியில் இறங்குவார்.

மனைவி அல்போன்சம்மாள் சிவப்பு ஐசிக்காரி, இந்த நாட்டுக் குடிமகள். செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். "உங்களுக்கும் சேர்த்து நான் தைரியமா இருக்கேன். எனக்கும் சேர்த்து நீங்க பயந்துக்குங்க. கணக்கு சரியாப் போச்சு" என்பாள்.

மகள் கல்யாணமாகிப் போன பிறகு அந்தப் பேச்சு குறைந்துவிட்டது. சமைத்துவிட்டு வரவேற்பறையில் டிவி போடாமல் உட்கார்ந்திருப்பாள். தொண்ணூற்றைந்தில் அடுக்குமாடிகளைத் தாண்டி இருந்த ஆர்க்கிட் பண்ணையில் பூக்களைத் தரம் பிரித்துக் கட்டும் வேலை கிடைத்தபோதுதான் அவளுக்கு மறுபடி குரல் வந்தது. தவுக்கேயை, அதாவது முதலாளியைப்போல நடித்துக் காட்டுவாள். ஊதாப் பூவுக்கும் வெள்ளைப் பூவுக்கும் சண்டை மூட்டிக் கதை சொல்லுவாள். லாசரஸ் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்.

ஆட்களை ஏற்றிப்போன பண்ணை லாரியை ஒருநாள் நிறுத்திவிட்டார்கள். தார்ச்சாலை முடிந்ததும் நீளமான செம்மண் பாதை. மழை பெய்தால் களி. அதில் வழுக்கி விழுந்து அல்போன்சம்மாளின் முழங்கால் வீங்கியது.

"பெரிய மழை தொடங்கினா வேலைய விட்டு நின்னுருவேன் போலிருக்கு" என்று ஒரு மாலை சொன்னாள். யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வது போலச் சொல்லிவிட்டு, அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். டிவி போடாத வரவேற்பறை லாசரஸின் கண்முன் வந்தது. லிப்ட், போலீஸ், நீல ஐசி எல்லாவற்றையும்விட அதற்குத்தான் அவர் பயந்தார்.

அடுத்த ஞாயிறு சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையில் அந்தச் சைக்கிளைப் பார்த்தார். பழைய ரேடியோக்களுக்கும் ஒற்றைச் செருப்புக் குவியலுக்கும் நடுவே சாய்ந்து கிடந்தது. மலைப்பாதைகளில் ஓட்டுகிற ரகம். முதலில் கண்ணில் பட்டது டயர்தான். தடித்து, முள்ளுமுள்ளாக, முதலைத் தோல் மாதிரி. களிமண்ணில் இது புதையாது. மற்றதெல்லாம் துரு.

திருட்டுச் சாமானாக இருக்குமோ என்று உடனே பயந்தார். ரசீது வேண்டும் என்று மலாயில் கேட்டார். அந்தச் சந்தையில் அப்படி ஒருவன் கேட்டதே இல்லை போலும். சீனக் கிழவர் பக்கத்துக் கடைக்காரர்களையும் கூப்பிட்டுச் சிரித்தார். பிறகு சிகரெட் அட்டையைக் கிழித்துச் சீனத்தில் ஏதோ எழுதிக் கொடுத்தார். அது ரசீதா வசையா என்று லாசரஸுக்குத் தெரியாது. பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு வண்டியைத் தள்ளியபடி, தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவுக்கு நடந்தார்.

தேக்காச் சந்தில் நாகூர் கனிக்குப் பூட்டும் சாவியும் பழைய உதிரிப் பாகங்களும் விற்கிற சின்னக் கடை.

"என்ன லாசரு, மையத்த எங்க கொண்டு போறீங்க?"

"கேலி பண்ணாதீங்க பாய். வீட்டுக்காரிக்கு."

கனி குனிந்து சக்கரங்களைச் சுற்றிவிட்டார், சட்டத்தைச் சுண்டிப் பார்த்தார். "உசுரு இருக்கு. சக்கரம் வளையல, பிரேம்ல கீறல் இல்ல. துருவுக்குப் பயந்து எல்லாத்தையும் புதுசா வாங்கிடாதீங்க. நட்டு போல்ட்டைப் புளித்தண்ணில ஊறப்போடுங்க. ஹேண்டில்பார தேய்க்க சிகரெட்டு ஈயத்தாளு போதும்."

பிரேக் கட்டை, கேபிள், பழசில் நல்லதாக ஒரு செயின், இவ்வளவுதான் வாங்கியது. கனியின் சரக்கு வேனிலேயே சைக்கிள் வீடு வந்து சேர்ந்தது.

வேலை இல்லாத நேரமெல்லாம் லாசரஸ் தாழ்வாரத்தில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தார். கழற்றிய பாகங்களைக் கழற்றிய வரிசையிலேயே மைலோ டப்பாக்களில் போட்டுவைத்தார். பல் தேய்த்துத் தேய்ந்த பிரஷ்ஷால் மண்ணெண்ணெய் தொட்டுப் பல்சக்கரங்களைத் தேய்த்தார். பட்டறையில் பீப்பாய் பீப்பாயாக கிரீஸ் இருந்தது. ஒரு விரல்கூட அவர் எடுத்துவரவில்லை. கடையில் சின்ன டின் வாங்கினார். இறுகிப்போன கியர் எதற்கும் மசியாததால், மேடு ஏறுவதற்கு இலகுவான ஒரு பல்சக்கரத்தில் செயினை நிலையாக மாட்டினார். சட்டத்தை உப்புத்தாளால் தேய்த்து இரண்டு பூச்சு நீலம் அடித்தார்.

"ரசத்துக்குப் புளி இல்ல, சைக்கிளுக்கு மட்டும் இருக்கா?" என்று கரண்டியோடு வந்து நின்றாள் அல்போன்சம்மாள். "யாருக்குங்க இது?"

"உனக்குத்தான். பண்ணைக்குப் போக."

அவள் சீட்டைத் தொட்டுப் பார்த்தாள். "சின்ன வயசுல கடற்படை பேஸ்ல ஓட்டினது. கவுனு போட்டுக்கிட்டு, பிரேக்கே இல்லாம." சிரித்தாள். அவள் பார்வை வண்டியின் மேல்கம்பியில் ஒருமுறை போய்த் திரும்பியது. லாசரஸ் டயரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

திங்களிலிருந்து சைக்கிள் போனது. தாழ்வாரத்திலிருந்து எட்டிப் பார்த்து, "மெயின் ரோட்டுல ஏறாத, லாரிக்காரன் வருவான்!" என்று கத்துவார். "மண்பாதைக்குப் போயி ஏறிக்கிறேங்க!" என்று கீழேயிருந்து பதில் வரும். மாலையில், "டயர் எப்படி?" என்பார். "யானை கணக்கா போகுது" என்பாள்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் வண்டியைக் கழுவ உட்கார்ந்தார். டயரில் செம்மண் அப்பியிருந்தது. ஆரக்கால்களிலும் செம்மண். ஈரத்துணியோடு பெடலுக்கு வந்தவர் நிறுத்திவிட்டார். பெடல் ரப்பரில் ஒரு பொட்டு மண் இல்லை. அவள் செருப்பெல்லாம் களி, பெடல் மட்டும் அவர் துடைத்துவைத்தபடியே இருந்தது. செயினைப் பார்த்தார். இட்ட எண்ணெய் இட்ட இடத்திலேயே பளபளத்தது. சக்கரம்தான் சுற்றியிருக்கிறது, செயின் அசையவே இல்லை.

அப்போதுதான் அந்த மேல்கம்பியைப் பார்த்தார். உப்புத்தாள் போட்டு, நீலம் அடித்து, கண்ணாடி மாதிரி ஆக்கி வைத்திருந்தாரே, அதே கம்பி. துருவுக்குப் பயந்தார், போலீஸுக்குப் பயந்தார், லாரிக்குப் பயந்தார். சேலை கட்டியவள் இதில் காலைத் தூக்கிப் போட முடியாது என்பது மட்டும் தோன்றவில்லை.

"அல்போன்சா, நீ இதுல ஏறவே இல்லையா?"

அவள் கை துடைத்தபடி வந்தாள். "தள்ளிக்கிட்டுப் போறேன். முட்டிக்குப் பிடிமானமா இருக்கு, சாப்பாட்டு டப்பாவையும் மாட்டிக்கலாம்."

"ஏன் சொல்லல?"

"எப்படிங்க சொல்றது? பிள்ளையக் குளிப்பாட்டுற மாதிரி தொடைச்சிக்கிட்டு இருந்தீங்க." குரல் தாழ்ந்தது. "நேத்து வழியில ரெண்டு தடவை உக்காந்துட்டேன். இந்த மாசத்தோட நிறுத்திக்கிறேன்னு தவுக்கேகிட்ட சொல்லலாம்னு இருக்கேன்."

லாசரஸ் எழுந்துபோய்ச் சாக்கட்டி எடுத்துவந்தார். மேல்கம்பியில் இரண்டு கோடு போட்டார். "இங்க வெட்டி, கம்பியக் கீழ இறக்கி வெல்டு வச்சிடறேன்." சொல்லும்போதே கம்பியைச் சுண்டிப் பார்த்தார். கப்பல் தகட்டுக்குப் பழகிய கை. இது முட்டை ஓடு மாதிரி மெல்லிய குழாய். ஓட்டை விழுந்தால்? நடுவழியில் முறிந்தால்?

"ஏங்க, நல்லா இருக்கிற இரும்ப வெட்டணும்னு தோணுது. சேலைய மாத்தலாம்னு தோணவே இல்லையா?"

அவர் நிமிர்ந்தார். கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிறு அவள் கவுன் போட்டுக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பியதும், சேலை கட்டிக்கொள்ளேன், நாலு பேர் பார்ப்பார்கள் என்று படிக்கட்டில் நின்று தான் கெஞ்சியதும் ஞாபகம் வந்தன. அதை அவர் மறந்தே போயிருந்தார்.

"அது... அப்பச் சொன்னது."

"தெரியும். அதிகாரமாச் சொல்லல, பயந்துபோய்ச் சொன்னீங்க. அதான் கேட்டுக்கிட்டேன்."

"இப்பவும் பாப்பாங்களே."

"பாக்கட்டுமே."

லாசரஸ் சாக்கட்டிக் கோடுகளைக் கட்டைவிரலால் அழித்தார். அலமாரியிலிருந்து தன்னுடைய நீல வேலைப் பேண்ட்டைக் கொண்டுவந்து அவள் இடுப்பில் வைத்துப் பார்த்தார். கால் நீளம் தரையில் கிடந்தது. அவள் மடித்துத் தைத்துக்கொண்டாள். இடுப்பு நிற்கவில்லை, பெல்ட்டில் ஆணி வைத்து அடித்துப் புதிதாக ஓட்டை போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் காலை சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார்.

"விடுங்களேன்! உங்களுக்குத்தான் மூச்சு வாங்குது!"

விட்டார். வண்டி இப்படியும் அப்படியும் ஆடியது. செம்மண் பாதையில் இறங்கியதும் நேரானது. சேற்றைக் கிழித்துக்கொண்டு போய்த் திருப்பத்தில் மறைந்தது.

லாசரஸ் திரும்பி வரும்போது பேருந்து நிறுத்தத்தில் உர்சுலா அக்கா நின்றிருந்தார். கோயில் பாடகர் குழுவில் இருப்பவர்; ஒன்றைப் பார்த்தால் அடுத்த ஞாயிறுக்குள் ஊருக்கே சொல்லிவிடுவார்.

"லாசரு, இப்பப் போனது அல்போன்சாவா? பேண்ட்டா போட்டிருந்தா?"

லாசரஸ் அக்கம்பக்கம் ஒரு தரம் பார்த்தார்.

"ஆமாக்கா" என்றார் சத்தமாக. "என்னோடதுதான்."