அம்புரோஸின் மூன்று விரல்கள்

செலண்டார் ஊர்க் கிறிஸ்தவக் கோயிலில் யாரைக் கேட்டாலும் அம்புரோஸைப் போல் சேவை மனம் உள்ளவர் கிடையாது என்பார்கள். அவருக்கு இருந்தது சேவை மனமல்ல, தூக்கம். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை லாரி ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர். ஞாயிறு பூசை முடிந்து, தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டுப் பங்குக் கூட்டத்தில் உட்கார்ந்தால் கண் சொக்கும். ஐந்தே நிமிடத்தில் உடம்பு தூக்கிப்போடும். வலது கை விசுக்கென்று மேலே போகும். அந்த நேரம் பார்த்துத்தான் ஃபாதர், “திருவிழாவுக்குக் கார் பார்க்கிங் யாரு பாத்துக்குவா?” என்று கேட்பார். ஆறு வருடமாக இதே கூத்து.

ஆறு வருடமும் அவர் பார்க்கிங்கில் நிற்க, தேர்ப்பவனியில் அவர் மனைவி கேத்லீன் தனியாகத்தான் நடந்தாள். “ஒரு வருஷமாச்சும் எங்கூட நடங்கலா” என்று அவள் கேட்டபோது அம்புரோஸுக்கு வெட்கமாகிவிட்டது.

“இந்தத் தடவ கூட்டத்துக்கே வரல.”

“வராதவங்க தலையிலதான் மொதல்ல கட்டுவாங்க. வந்து சீக்கிரமே தூங்கிடுங்க. கண்ணு அசந்ததும் ஒரு உதறல், அப்புறம் கட்டை மாதிரி கெடப்பீங்க. ஃபாதர் கேக்கறப்ப விரல்கூட அசையாது.”

கட்டைத் தூக்கத்துக்குப் பிறகு கனவு வரும், கனவில் அவருக்கு விரல் துடிக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். அதற்குள் கூட்டம் முடிந்துவிடும் என்று நினைத்தாள், பாவம்.

ஆரம்ப ஜெபத்திலேயே அம்புரோஸ் தூங்கினார். உதறல் வந்தது; கேத்லீன் கையை அமுக்கிக்கொண்டாள். பிறகு கட்டைதான். ஆனால் செயலாளர் செலஸ்டின் கழிப்பறைக் கூரையைப் பற்றி மட்டுமே முக்கால் மணி நேரம் அறிக்கை வாசித்தார். ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் ஃபாதர் பார்க்கிங்குக்கு வந்தார். யாரும் கை தூக்கவில்லை.

“அம்புரோஸ் அங்கிளே இருக்கட்டும். எத்தன வருஷம் பாத்துக்குவீங்க அங்கிள்?”

மடியில் கிடந்த கையில் மூன்று விரல்கள் துடித்து நீண்டன.

“மூணு வருஷமாம்” என்றார் ஃபாதர். மண்டபமே கைதட்டியது. சத்தத்தில் விழித்த அம்புரோஸும் யாருக்கென்று தெரியாமல் சேர்ந்து தட்டினார்.

திருவிழா மாலை கார் பார்க்கிங்கில் தொண்டர்களின் ஆரஞ்சு சட்டையில் நின்றபோது அவருக்கு அழுகையே வந்தது. பின்னால் விசில் கேட்டது. பட்டுப் புடவைக்கு மேல் ஆரஞ்சு சட்டையோடு கேத்லீன்.

“பவனிக்குப் போவலியா?”

“தனியா நடந்தது போதும். இங்கயே நிக்கிறேன்.”

தேர் அந்தப் பக்கம் வந்தபோது அவள் அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எதுக்குப் புடிக்கிற? முழிச்சித்தானே இருக்கேன்.”

“கூட்டத்துல தூங்கறப்ப ஒரு தடவ புடிச்சாச்சு. முழிச்சிருக்கப்பவும் ஒரு தடவ புடிச்சிக்கிறேன்லா.”