கொஞ்சம் தரை

ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான் என்று பட்டணம் காலியான கோடையில்தான் நான் வசதியானவன் ஆனேன்.

முக்கியமான வேலை இல்லாதவர்கள் ஊரைவிட்டுப் போகலாம் என்று சர்க்கார் சொன்னது. மறுநாளே ராயபுரத்தில் எங்கள் சந்தில் மாட்டு வண்டிகள் வரிசை கட்டி நின்றன. ஜனங்கள் பிள்ளைகளையும் பித்தளைப் பாத்திரங்களையும் ஏற்றிக்கொண்டார்கள். ஏற்ற முடியாததை வந்த விலைக்குத் தள்ளினார்கள். விலையே போகாததை யாராவது எடுத்துக்கொண்டால் போதும் என்றார்கள். நான் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளையும் பெட்டிகளையும் எண்ணிக் கோடு போடுவது வேலை. எங்களைப் போன்றவர்கள் ஊரைவிட்டு நகரக் கூடாது என்று உத்தரவு. ஆகவே தெருவில் வாங்குவதற்கு மிச்சமிருந்தவன் ஏறக்குறைய நான் ஒருவன்தான்.

அதற்கு முன்னால் எனக்கென்று பெரிதாக எதுவும் இருந்ததில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்து, மண்ணடியில் ஒரு மெஸ்ஸில் ஆறு பேரோடு ஒரே அறையில் ஐந்து வருஷம் இருந்தேன். சட்டை மாட்டுகிற ஆணியைக்கூட இன்னொருவரோடு பங்கு போட்டுக்கொண்டேன். அவர் சட்டை ஈரமாக இருந்தால் என் சட்டையும் ஈரமாகும். கல்யாணம் ஆனதும் ராயபுரத்தில் இரண்டு அறை வீடு பிடித்தேன். ஒன்று சமையலுக்கு. இன்னொன்று மற்ற எல்லாவற்றுக்கும். அந்த இன்னொன்றைப் பார்க்கும்போதெல்லாம் அது காலியாக இருக்கிறதே என்று எனக்கு வெட்கமாக இருக்கும்.

முதலில் வாங்கியது தேக்குக் கட்டில். எதிர்வீட்டுக்காரர் ரயிலுக்குப் போகிற அவசரத்தில் கொடுத்தார். அதைச் செய்த தச்சரே வந்து கழற்றி, எங்கள் அறைக்குள் கொண்டுவந்து, திரும்பப் பூட்டிவிட்டு, அன்று சாயங்காலமே அவரும் ஊரைவிட்டுப் போனார். பிறகு சந்து முனையில் கயிற்றுக்கடை வைத்திருந்த பாய் குடும்பத்தைக் காயல்பட்டினத்துக்கு அனுப்பிவிட்டுத் தானும் கிளம்பினார். அவரிடமிருந்து ஒரு சாய்வு நாற்காலி, ஒரு சுவர்க் கடிகாரம், ஆளுயரக் கண்ணாடி பதித்த ஓர் அலமாரி. அதற்குப் பிறகு எனக்குக் கை நிற்கவில்லை. பளிங்குக் கல் மேஜை, அதற்கு ஆறு நாற்காலிகள், எங்களுக்கு இல்லாத பிள்ளைக்கு ஒரு மரத் தொட்டில், என்னிடம் இல்லாத தொப்பிகளை மாட்ட ஒரு தொப்பி ஸ்டாண்டு. கடைசியாக, பென்ஷன் வாங்கிய ஒருவர் சும்மாவே கொடுத்த ஒரு மான் கொம்பு. அவர் அதைக் கொடுத்துவிட்டு வேகமாக நடந்து போனதன் காரணம் எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

என் மனைவி திருவொற்றியூர்ப் பெண். எங்கள் ஜனம்தான் என்றாலும் இரண்டு தலைமுறையாக அங்கே மளிகைக் கடை வைத்து, பட்டணத்து பாஷையே பேசுகிற குடும்பம். ஒவ்வொரு சாமான் வரும்போதும் அவள் வாசலில் வந்து நிற்பாள். "இது எங்க போவும்?" என்று மட்டும் கேட்பாள். நான் இடம் காட்டுவேன். அவள் உள்ளே போய்விடுவாள்.

அலமாரி நிற்கிற உயரம் கிழக்குச் சுவரில்தான் இருந்தது. அங்கே ஒரு ஜன்னல். ஜன்னல் எங்கேயும் போய்விடாது என்று சொல்லி அலமாரியை அதன் முன்னால் நிறுத்தினேன். என் சட்டைகளையும் அவளுடைய கல்யாணப் பட்டுப் புடவையையும் உள்ளே வைத்துச் சாத்தினோம். அடுத்த வாரம் மேஜை வந்தது. அதற்கு அடுத்த வாரம் நாற்காலிகள். எல்லாம் நின்ற பிறகுதான் அலமாரியின் கதவு இனித் திறக்காது என்பதைக் கவனித்தேன். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அப்போது உடம்பில் ஒரு சட்டையும் கொடியில் ஒரு சட்டையும் இருந்தன. ஒன்றரை வருஷம் அந்த இரண்டோடு வேலைக்குப் போனேன். ஆபீசில் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.

வீட்டுக்குள் பக்கவாட்டில்தான் நடக்க முடியும். கட்டிலில் ஏற, தொட்டிலைத் தாண்ட வேண்டும். பளிங்கு மேஜையில் சாப்பிட உட்கார்ந்தால் முதுகு கட்டிலில் இடிக்கும் என்பதால் சமையலறையில் தரையில் உட்கார்ந்தே சாப்பிட்டோம். கட்டிலில் நான் ஒருவன்தான் படுத்தேன். அவள், அங்கே மூச்சு முட்டுகிறது என்று சமையலறையில் பாய் போட்டுக்கொண்டாள். நான் அந்தக் கட்டிலில் மல்லாந்து கிடந்து, மெஸ்ஸில் என்னோடு இருந்தவர்கள் இப்போது என்னைப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். அவர்களைக் கூப்பிட்டிருந்தால் நிற்க இடம் இருந்திருக்காது.

குண்டு பயம் தணிந்து ஜனங்கள் திரும்பி வர ஆரம்பித்தார்கள். கயிற்றுக்கடை பாயும் வந்தார். அவர் தம் சாமான்களைத் திருப்பிக் கேட்பார் என்று எனக்கு ஒரே கவலை. என்ன பதில் சொல்வது என்று துறைமுகத்துக்குப் போகும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார். கதவோரம் நின்று எட்டிப் பார்த்தார். எல்லாம் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். சற்று நேரம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போகலாமா என்றார். தொட்டிலைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்து அவருக்கு வழிவிட்டேன். சாய்ந்து உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்து, என் மனைவி கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறும் வந்தார். அப்புறம் அது வழக்கமாகிவிட்டது.

அவர் கேட்கவே இல்லை என்பது எனக்கு உறுத்தியது. வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் பாய் என்று ஒருநாள் நானே சொன்னேன்.

"வேணாம் தம்பி," என்றார். "ஊர்ல ஒரு வருஷம் பாய்ல உக்காந்து எந்திரிச்சுப் பழகிட்டோம். இப்ப வூட்ல ரெண்டு பொட்டி, நாலு பாய். காலைல சுருட்டி வச்சா வூடே மைதானமா கீது. இதெல்லாம் இல்லாம எப்படி இருக்கப் போறோம்னு அன்னிக்கு அழுதா என் சம்சாரம். இப்ப திருப்பிக் கொண்டாந்தேன்னா என்னை வெளிய தள்ளிடுவா."

பிறகு ஏன் வாராவாரம் வந்து உட்காருகிறார் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவரே சொன்னார்: அது நல்ல நாற்காலி.

அந்த ஐப்பசியில் என் மனைவியின் தம்பிக்குத் திருவொற்றியூரில் கல்யாணம். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மத்தியானமே நாங்கள் அங்கே போய்விட வேண்டும். காலையில் அவள் வந்து பட்டுப் புடவையை எடுத்துக் கொடுக்கச் சொன்னாள்.

வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. அலமாரியைத் திறக்க மேஜையை நகர்த்த வேண்டும். மேஜையை நகர்த்த நாற்காலிகளை எடுக்க வேண்டும். நாற்காலிகளை வைக்கக் கட்டிலை ஒட்டித் தள்ள வேண்டும். கட்டில் ஏற்கெனவே சுவரை ஒட்டித்தான் இருந்தது. சந்தில் முழங்கால் தண்ணீர். எதையும் வெளியே வைக்க முடியாது. ஆறு நாற்காலிகளையும் கட்டில்மேல் அடுக்கினேன். தொப்பி ஸ்டாண்டைச் சமையலறைக்குக் கொண்டுபோனபோது அது குழம்புச் சட்டியைத் தட்டிவிட்டது. பளிங்கு மேஜை ஒரு சாண் நகர்ந்து கட்டில் காலில் முட்டி நின்றது. அலமாரிக் கதவு நான்கு விரற்கடை திறந்தது. கையை உள்ளே விட்டேன். விரல் நுனியில் பட்டு தட்டுப்பட்டது. சரிகைகூடத் தெரிந்தது. பிடித்து இழுக்கக் கை மடங்கவில்லை.

அவள் சின்னக் கை வைத்துப் பார்த்தாள். அவளுக்கும் வரவில்லை. சற்று நேரம் அப்படியே கையை உள்ளே வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு கையை எடுத்தாள். கொடியில் கிடந்த நூல் புடவையைக் கட்டிக்கொண்டு, போகலாம் என்றாள்.

கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் ஒரே அக்கா அவள். நலங்கு வைக்கிறபோதும் மணையில் பக்கத்தில் நிற்கிறபோதும் எல்லார் கண்ணும் அவள் மேல்தான். நான் பந்தல் காலோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். அவளுடைய சித்தி கிட்டே வந்து, "இன்னாடி, பட்டுப் பொடவை இன்னா ஆச்சு? அடவு வச்சிட்டாரா?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

"கீது சித்தி," என்றாள் என் மனைவி. "அலமாரியில கீது."

"அலமாரியில வச்சிகினு இன்னா பண்றே?"

அவள் குனிந்து நலங்குத் தட்டை எடுத்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

திரும்பும்போது ஜட்காவில் வந்தோம். மழை விட்டிருந்தது. ராயபுரம் நெருங்கிற்று. புடவை ஒன்று புதிதாக எடுத்துவிடலாம் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். பிறகு, எனக்கு ஒண்ணு வோணும் என்றாள். என்ன வேணும் சொல்லு, வாங்கிடலாம் என்றேன்.

"கொஞ்சம் தரை," என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"நடக்கறதுக்கு, படுக்கறதுக்கு, சும்மா உக்காந்துகினு இருக்கறதுக்கு. நம்ம வூட்ல தரை இருந்துச்சு. நான் வந்தப்ப பார்த்தேன். நீங்க மேல மேல கொண்டாந்து வச்சு மூடிட்டீங்க."

குதிரைக்காரர் திரும்பி என்னை ஒருமுறை பார்த்தார்.

மறுநாளே ஆரம்பித்தேன். வாங்குவது எவ்வளவு சுலபமோ, கொடுப்பது அவ்வளவு கஷ்டம் என்பது தெரிந்தது. அலமாரியைச் சும்மா எடுத்துக்கொள்ளும்படி தெருமுனைத் தையற்காரரிடம் சொன்னபோது அவர் மிஷினை நிறுத்திவிட்டு, "இது இன்னா கேஸு சார்? நாளைக்குப் போலீஸு வந்து கேட்டா நான் இன்னா சொல்றது?" என்றார். என் சொந்தச் சாமான்தான், மனப்பூர்வமாகக் கொடுக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் ஆட்களோடு வந்தார். நாற்காலிகளை ஒரு காப்பிக் கிளப்காரர் எடுத்துக்கொண்டார். மேஜையும் அவரிடமே போயிற்று. தொட்டிலை ஒரு துறைமுகக் கூலி தலையில் வைத்துக்கொண்டு போனார். மூன்று மாதம் கழித்து என் மனைவி கர்ப்பமானாள். அப்புறம் புடவையில் தூளி கட்டினோம்.

மான் கொம்பை யாரும் வாங்கவில்லை. சந்து முனையில் வைத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர், உங்களுடையதை யாரோ திருடி அங்கே போட்டிருக்கிறார்கள் என்று கொண்டுவந்து கொடுத்தார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். மறுபடி வைத்தேன். மறுபடி வந்தது. கடைசியில் காசிமேட்டு மீனவர் ஒருவர், கயிறு மாட்ட உதவும் என்று அதையும் தொப்பி ஸ்டாண்டையும் தூக்கிக்கொண்டு போனார். அந்த ஸ்டாண்டுக்கு அப்போதுதான் முதல் உத்தியோகம்.

கட்டில்தான் அசையவில்லை. கடல் காற்றில் போல்ட்டெல்லாம் துருவேறி ஒன்றாகிவிட்டிருந்தது. பூட்டிய தச்சர் ஊர் திரும்பவே இல்லை. ரம்பம் இரவல் வாங்கி இரண்டு ஞாயிற்றுக்கிழமை அறுத்தேன்.  பாதியில் நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். அவள் வந்து ரம்பத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு மாதம் தேக்கை எரித்துச் சமைத்தோம். சோறு எப்போதும்போலத்தான் இருந்தது.

அலமாரியை எடுத்தபோது ஜன்னல் சரியாகச் சாத்தாமல் இருந்தது தெரிந்தது. மழைச்சாரல் அலமாரியின் பின்பலகை வழியே உள்ளே இறங்கி, பட்டுப் புடவையின் முந்தானையில் பழுப்பாக ஒரு கறை. பூந்திக் கொட்டை போட்டு அலசிப் பார்த்தாள். போகவில்லை. தலையைத் துவட்டுகிற மாதிரி சாதாரணமாக அதை உதறி உலர்த்தினாள். அடுத்த கல்யாணத்துக்குக் கறையோடு அதைத்தான் கட்டிக்கொண்டு போனாள். சித்தி கறையைப் பற்றிக் கேட்டதற்கு, மழை என்றாள். என் பழைய சட்டைகள் ஐந்து இருந்தன. அவை என்னுடையவை என்று எனக்கு ஞாபகம் வரச் சிறிது நேரம் ஆயிற்று.

சாய்வு நாற்காலியையும் கடிகாரத்தையும் மட்டும் பாய்க்காக வைத்திருந்தோம். கட்டிலை அறுத்த இரண்டு ஞாயிறும் அவர் வரவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறு வந்தார். நாற்காலியின் மேல் துண்டைப் போட்டார். அறையை நாலு பக்கமும் பார்த்தார். பிறகு ஜன்னலுக்குக் கீழே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார்.

"இங்க காத்து வருதே தம்பி. முன்னாடி வரலியே," என்றார்.

ஆமாம் என்றேன். காற்றோடு துறைமுகத்து நிலக்கரித் தூளும் வந்தது. அவள் தினமும் இரண்டு வேளை பெருக்கினாள். பெருக்க இடம் இருப்பதே அவளுக்குப் பெருமையாக இருந்தது. நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டினேன். கால் எதிலும் இடிக்கவில்லை. அப்படியே வெகுநேரம் இருந்தோம். எனக்கு எதுவும் வேண்டும்போல இல்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன். நாற்காலியையும் கடிகாரத்தையும் அந்த மாதமே மசூதித் தெருவில் ஒரு யுனானி வைத்தியருக்கு, அவரிடம் காத்திருக்கிற நோயாளிகளுக்காக, பாயே பேசிக் கொடுத்துவிட்டார்.

நான் சாமியார் ஆகிவிட்டேன் என்று சொல்ல வரவில்லை. யுத்தம் முடிந்து சில வருஷம் கழித்து ஒரு மின்விசிறி வாங்க ஆசை வந்தது. மனைவியிடம் பயந்துகொண்டேதான் கேட்டேன். மேலே தொங்குவதுதானே, வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள். ரேடியோவுக்கு அனுமதி கிடைக்கவில்லை.

மகளுக்குப் பத்து வயதானபோது திருவொற்றியூருக்கே வீடு மாற்றினோம். ஒற்றை மாட்டு வண்டி ஒன்று பேசியிருந்தேன். பெட்டிகள், பாத்திரங்கள், சுருட்டிய பாய்கள், விசிறி எல்லாவற்றையும் ஏற்றி முடித்ததும் வண்டிக்காரர், மீதி எங்கே என்றார். இவ்வளவுதான் என்றேன். அவர் நம்பவில்லை. வீட்டுக்குள் போய் இரண்டு அறையையும் பார்த்துவிட்டு வந்தார்.

"வண்டி பாதிகூட ரொம்பல," என்றார். "சும்மா இன்னாத்துக்கு நடந்துகினு? நீங்களும் ஏறிக்கோங்க."

மூவரும் ஏறி உட்கார்ந்துகொண்டோம்.