மைக் திறந்திருந்தது

அலுவலகத்தில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். எங்கெங்கோ இருக்கும் ஆஸ்பத்திரிகளிலிருந்து டாக்டர்கள் பேசி அனுப்பும் பதிவுகளைக் கேட்டு, நோயாளிகளின் அறிக்கையாகத் தட்டச்சு செய்வது அங்கே எல்லோருக்கும் வேலை. துணிக்கடை மாடியில் ஒரே அறை, காதில் ஹெட்போன். கேட்ட குரல் எதுவானாலும் ரேடியோவின் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். மூக்கால் பேசும் குழந்தை டாக்டர், வரிக்கொரு கொட்டாவி விடும் மயக்க மருந்து டாக்டர் என்று சாப்பாட்டு வேளையில் அவள் பேசிக் காட்டினால், மற்றவர்கள் டிபன் பாக்ஸை மூடிவைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

எலும்பு டாக்டரை மட்டும் அவள் தொட்டதில்லை. அவருக்குத் திக்குவாய். 'ப' வந்தால் மாட்டிக்கொள்வார். வருஷக்கணக்காக அவருடைய பதிவுகள் அவளிடம்தான் வந்தன. திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டு, தடங்கலே தெரியாத வாக்கியங்களாக்கி அனுப்புவாள்.

பிறகு மென்பொருள் வந்தது. டாக்டர் பேசப் பேச அதுவே எழுதிவிடும். ஆட்கள் பிழை திருத்தினால் போதும். பாதிப் பேர் வீட்டுக்குப் போனார்கள். மிஞ்சியவர்கள் எலும்பு டாக்டரின் ஆஸ்பத்திரியைத்தான் நம்பியிருந்தார்கள். ஏனென்றால் அவர் ஒருமுறை 'பத்து' என்று சொல்லி முடிப்பதற்குள் மென்பொருள் மூன்று பத்து எழுதிவிடும்.

"அவரை வச்சே சோதனை பண்ணச் சொல்லியிருக்கேன்" என்றார் மேலாளர். "மெஷின் உளறுறதை அவங்களே பாக்கட்டும். ஆளுங்கதான் வேணும்னு அவர் ஒரு வார்த்தை சொன்னா நாம பொழைச்சோம்."

சோதனை நாளன்று மேலாளர் வெளியே போனில் இருந்தார். மற்றவர்கள் இணைப்பு வரக் காத்திருந்தார்கள். அலுவலகத்தில் மூத்தவளான பெரியக்கா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். கணவன் இல்லாமல் இரண்டு பெண்களைப் படிக்கவைப்பவள். அவளைச் சிரிக்கவைக்கத்தான் ரேடியோ ஆரம்பித்தாள். முகத்தைக் கோணிக்கொண்டு, கழுத்தை இழுத்து, "ப... ப... பாதத்தில் ப... பத்து நாளாக..." என்றாள். பெரியக்கா குபீரென்று சிரித்துவிட்டாள். அறையே சிரித்தது.

எதிரே திரையில் எழுத்துகள் ஓடின. "பா பா பாதத்தில் பத்து பத்து நாளாக." மென்பொருள் அவளை எழுதிக்கொண்டிருந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் அதன் கீழே வேறு நிறத்தில் இன்னொரு வரி வந்தது.

"நான் லைன்லதான் இருக்கேன்."

ரேடியோவின் காது மடலெல்லாம் எரிந்தது. மேலாளர் உள்ளே வந்து, எதுவும் தெரியாமல், "ஆரம்பிக்கலாமா சார்?" என்றார். டாக்டர் அறிக்கையைச் சொல்லத் தொடங்கினார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. 'ப' வரும் இடங்களை அவர் சுற்றிக்கொண்டு போவது ரேடியோவுக்குப் புரிந்தது. பாதம் என்று சொல்லவேண்டிய இடத்தில் காலடி என்றார். மென்பொருள் ஒரு பிழைகூட விடவில்லை.

"மெஷினே இருக்கட்டும்" என்று முடித்துக்கொண்டார்.

அந்த மாதக் கடைசியில் எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். நடந்ததை மேலாளரிடம் யாரும் போட்டுக்கொடுக்கவில்லை. பெரியக்கா ஒரு சுடுசொல்கூடச் சொல்லவில்லை. "நானும்தானே சிரிச்சேன். விடு. நேர்ல போய் மன்னிப்பு கேளு. மனுஷன் மனசு இளகினார்னா வேலையையும் கேட்டுடு" என்றாள். துணைக்கு அவளே வந்தாள்.

இரண்டு பஸ் மாறிப் போனார்கள். பெரியக்கா ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொள்ள, ரேடியோ நோயாளிகளோடு வரிசையில் உட்கார்ந்து தன் முறை வந்ததும் உள்ளே போனாள். டாக்டர் நரைத்த தலையுடன் மெலிந்த மனிதராக இருந்தார். குரலைக் கேட்ட அளவுக்கு அந்த முகத்தை அவள் எண்ணிப் பார்த்ததே இல்லை. யாரென்று சொன்னாள்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "என் ரிப்போர்ட்டெல்லாம் எழுதினது நீங்கதானா?"

"ஆமா சார்."

"ஒண்ணுலகூட நான் திக்கினது தெரியாது." நடுநடுவே நின்று நின்றுதான் சொன்னார். "யாரோ ரொம்ப நல்லவங்க எழுதுறாங்கன்னு வீட்ல சொல்லிட்டு இருப்பேன்."

அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

"மன்னிச்சிடுங்க சார்."

"சரிம்மா" என்றார். அவள் இன்னும் ஏதோ சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தார். வேலை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்து நின்றது. அவள் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

பெரியக்கா ஓட்டமும் நடையுமாக எதிரே வந்தாள். "பாத்தியா? என்ன சொன்னார்? கேட்டியா?"

"டாக்டர் இன்னைக்கு லீவாம்க்கா."

"அடடா, இவ்வளவு தூரம் வந்தும் வீணாப்போச்சே." பெரியக்கா அவள் தோளில் கைபோட்டுக்கொண்டாள். "பரவால்ல, அடுத்த வாரம் வருவோம். நானும் கூட வரேன்."

ரேடியோ தலையை ஆட்டினாள். பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்கு விட்டுக்கொடுத்தாள் பெரியக்கா. வீடு வரும்வரை ரேடியோ ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவே இல்லை.