அஞ்சலை அத்தையின் சங்கிலி

பேத்தியின் காதுக்குக் கீழிருந்த வீக்கத்தைத் தொட்டுப் பார்த்த டாக்டர், “உமிழ்நீர்ச் சுரப்பிதான்” என்றார். எனக்குச் சிறுவயதில் நான் வளர்ந்த செலண்டார் தோட்டத்து லயம், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகள், நினைவுக்கு வந்தது.

பொன்னுக்கு வீங்கி வந்தால் அங்கே கழுத்தில் பொன் போடுவார்கள். லயத்துக்கே அஞ்சலை அத்தையின் சங்கிலி ஒன்றுதான். தாடை வீங்கிய குப்பாயி, என் வயதுக்காரி, அதை அணிந்து ராணிபோல் திரிந்தாள். பொறாமையில் நான் ரம்புத்தான் கொட்டையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு முனகினேன். அத்தை அவள் கழுத்திலிருந்து சங்கிலியைக் கழற்றி எனக்குப் போட்டாள்.

“அவன வாயத் தொறக்கச் சொல்லுங்க அத்தை!” என்றாள் குப்பாயி.

கொட்டை துள்ளி விழுந்தது.

“அடப்பாவி, கொட்டைக்குமாடா பொன்னு கேக்குது?” அத்தை சிரித்ததில் லயமே கூடிவிட்டது.

தாடையைத் தாங்கிக்கொண்டு குப்பாயியும் சிரித்தாள். வலியில் கண்ணீர் வழிந்தது. நான் சங்கிலியைக் கழற்றி அவளிடம் நீட்டினேன்.

“சாயங்காலம் வரைக்கும் நீயே போட்டுக்கடா” என்றாள் குப்பாயி.

வெட்கமில்லாமல் போட்டுக்கொண்டேன்.