செயின் டிராக்டரும் என் மகனின் தூக்கமும்

வேங்கிக்காலில் எங்கள் வாடகை வீட்டுக்குப் பின்னால் மனை போடுவதற்காக மேட்டைச் சமப்படுத்திக்கொண்டிருந்தார்கள். மிலிட்டரி ஏலத்தில் வந்த பழைய செயின் டிராக்டர் ஒன்று, சக்கரத்துக்குப் பதில் இரும்புப் பட்டைகளோடு, நாள் முழுக்க அங்கே ஊர்ந்தது. எனக்குத் தலைவலி விடவில்லை. ஆனாலும் அது வந்ததில் ஒரு நிம்மதி இருந்தது. கைதட்டினால் திரும்பாத என் கைக்குழந்தை, பாயில் கிடக்கும்போது டிராக்டர் கிட்டே வந்தால் திடுக்கிட்டு விழித்தான்.

"பாத்தியா, நல்லா கேக்குது. நீதான் எல்லாத்துக்கும் பயந்து சாவற," என்றார் கணவர்.

மாமனாருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. அது பிள்ளைக்கும் வந்திருக்குமோ என்பதுதான் என் பயம். அவரிடம் எப்படிக் கேட்பது?

ஒரு மத்தியானம் வாசலில் உட்கார்ந்திருந்தவர், டிராக்டர் கண்ணில் படும் முன்பே, "வருது பாரும்மா," என்றார். நான் என் காதைத் தொட்டுக் காட்டினேன். சிரித்தார்.

"காது எங்க? காலுதான் சொல்லுது. பர்மா சண்டையில இந்த மாதிரி வண்டியிலதான் பீரங்கி இழுத்தேன். லாரிங்க சேத்துல மாட்டிக்கும், இதுதான் மலை ஏறும். ஸ்டீயரிங் கெடையாது, இழுத்துத் திருப்ப ரெண்டு கம்பிதான். பக்கத்துல இருக்கறவன் கத்தினாலும் கேக்காது. எந்தத் தோள்ல தட்டறானோ அந்தப் பக்கம் திருப்புவேன். சண்டைக்குப் போவும்போது நல்ல காதுதான், அந்தச் சத்தத்துலதான் போச்சு. இப்பல்லாம் தரை அதிர்ந்தா தெரிஞ்சிக்குவேன்."

அவருக்குப் பிறவிக் குறை இல்லை. ஒரு கணம் மனம் லேசானது. அப்புறம்தான் தரை என்று அவர் சொன்னது உறைத்தது. பாயில் தூங்கிக்கொண்டிருந்தவனைத் தூக்கி, தரையைத் தொடாமல் தொங்கும் தூளியில் விட்டேன். தூங்குகிற பிள்ளையை எதற்குச் சோதிக்கிறோம் என்றும் இருந்தது. டிராக்டர் சுவரோரம் வந்தது. அலமாரியில் டம்ளர்கள் கிலுகிலுத்தன. தூளிக்குள் அவன் வாயைச் சப்பிக்கொண்டு தூங்கினான். அது திரும்பிப் போய் மறுபடி வந்தது. அவன் அசையவில்லை.

மாமனார் தூளியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

சாயந்திரம் கணவர் வந்ததும் சொன்னேன்.

"தூங்கற புள்ளைய வெச்சு ஒரு பரீட்சையா?"

"நாளைக்கு லீவு போடுங்க. வேலூர்ல டாக்டர்கிட்ட காட்டலாம்."

"தீபத் திருவிழாக் கூட்டம். பஸ்ல நிக்கக்கூட எடம் இருக்காது."

"நின்னுக்கிட்டே போலாம்," என்றேன். சண்டை போட எனக்குத் தெம்பில்லை. நான் நினைப்பது தப்பாக இருந்தால் எவ்வளவோ நல்லது என்றுதான் நினைத்தேன்.

எங்கள் பேச்சில் ஒரு சொல்லும் கேட்காத மாமனார், கொடியிலிருந்து பிள்ளையின் துணிகளை எடுத்து ஒவ்வொன்றாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.