மொஹ்லராய் தன் தாளத்தை நாலாகப் பிரித்த கதை

கோகந்து பெண்கள் டோய்ரா குழுவுக்கு மொஹ்லராய்தான் உயிர்நாடி. பாலர் பள்ளியில் பாட்டு டீச்சர். ஆனால் டோய்ரா என்னும் அந்த வட்டப் பறையைக் கையில் ஏந்திவிட்டால் ராட்சசி, அந்தத் தோலைப் பேசவே வைத்துவிடுவாள். அவளே கட்டிய வேகத்தாளம் ஒன்று உண்டு. வேறொருத்திக்கும் அது வராது. நவ்ரூஸ் புத்தாண்டுப் போட்டிக்கு அதை வாசிப்பதாகத்தான் பெயர் கொடுத்திருந்தார்கள். ஜெயித்தால் தாஷ்கந்து மேடை.

அந்த நேரம் பார்த்து, தந்தூர் அடுப்பருகே உறைந்த பனியில் வழுக்கி இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். பாவி மகள், விழும்போதும் ரொட்டித் தட்டை விடவில்லை!

"விலகிடலாம் ஓபா" என்றாள் சனோபர். குழுவிலேயே இளையவள், மற்ற எல்லோரும் அவளுக்கு ஓபா, அதாவது அக்கா; வாய் மட்டும் மூத்தது. "போட்டிக்கு வர்ற மர்கிலான் ஊர்க்காரிங்க இப்பவே சிரிக்கிறாளுங்க. நீங்க இல்லாட்டி நாங்க பிடிச்சிருக்கிறது டோய்ரா இல்லையாம், மாவு சலிக்கிற சல்லடையாம்."

"சிரிக்கட்டும்டி. என் தாளம் மேடை ஏறாம விடமாட்டேன்."

பள்ளிப் பாட்டுகளை எழுத அவள் கணினியில் ஒரு மென்பொருள் வைத்திருந்தாள். எழுத்தாகத் தட்டினால் இசைக்குறிப்பாக அச்சிட்டுத் தரும். நடுத்தோலில் விழும் அடிக்கு 'பும்', விளிம்படிக்கு 'பக்', இப்படி ஒவ்வொரு வகை அடிக்கும் ஒரு பெயர் வைத்து ஒற்றைக் கையால் முழுத் தாளத்தையும் தட்டினாள். பிறகு அதிலிருந்து பும் எல்லாம் தனக்கு, பக் எல்லாம் சனோபருக்கு, குழுவின் மற்ற இருவரில் விரல் உருட்டல் ஓய்குலுக்கு, சொடுக்கு நஸோகத்துக்கு என்று தனித்தனியாகப் பிரித்தெடுக்கச் சொன்னாள். நாலு தாள்கள் வந்து விழுந்தன.

வாசித்துப் பார்த்தால் மானம் போயிற்று. ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள். மொஹ்லராய் பாதிகூடத் தாண்டவில்லை, சனோபர் டோய்ராவைக் கீழே வைத்துவிட்டாள்.

"என் வேலை முடிஞ்சுது. டீ ஊத்தவா ஓபா?"

மொஹ்லராய்க்கு அழுகையே வந்துவிட்டது. தாள்களை அருகருகே வைத்துப் பார்த்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். அடுத்தவள் அடிகளை நீக்கியதும், மிச்ச அடிகள் இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. நீக்கச் சொன்னாளே தவிர, நீக்கிய இடத்தில் என்ன வைக்க வேண்டும் என்று அவள் சொல்லவே இல்லையே! ஒவ்வொரு அடியும் போன இடத்தில் அதே நீளத்துக்கு மௌனம் வைக்கும்படி திருத்தி எழுதினாள்.

புதுத் தாளைப் பார்த்துச் சனோபர் அலறினாள். "என்ன ஓபா, அடிக்கிறதைவிடச் சும்மா இருக்கிறதுதான் அதிகம்!"

"அதான்டி கஷ்டம். பொறந்ததுலேர்ந்து நீ அதைப் பண்ணதே இல்லையே!"

ஓய்குல் சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனாள்.

போட்டியன்று, கட்டுப்போட்ட கையின் முழங்கை மடிப்பில் டோய்ராவை இடுக்கிக்கொண்டு மொஹ்லராய் உட்கார்ந்தாள். பும் அடிக்க வலக்கை போதும். தாளம் கிளம்பியது. நாலு டோய்ராவும் இழை பிசகாமல் பின்னிக்கொண்டன. மர்கிலான்காரிகளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கடைசி அடி விழுந்ததும் அரங்கமே எழுந்து கத்தியது.

தலைமை நடுவர் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார். மூடிய கண்ணைத் திறக்காமலே கையை உயர்த்தினார்.

"மத்தவங்க இருங்க. இவ்வளவு நேரம் தனியா வாசிச்ச பொண்ணு யாரு? நீ மட்டும் எழுந்து நில்லும்மா."

நாலு பேரும் எழுந்து நின்றார்கள்.